112 அடி நீள மனு: இரட்டைமலை சீனிவாசன் எதிர்த்த தேர்வு

செப்டம்பர் 18 இரட்டைமலை சீனிவாசன் நினைவு நாள். சென்னை ஓட்டேரியில் அவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்தில் மாலைகள் விழும். அவர் பிறந்த நம் செங்கல்பட்டு மாவட்டத்திலும் அவருடைய படத்தை வைத்துக் கூட்டம் நடத்துவோம். அந்த மேடைகளில் இரண்டு செய்திகள் தவறாமல் பேசப்படும். பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் பொது என்று 1924-ல் சட்டசபையில் அவர் கொண்டுவந்து நிறைவேற்றிய தீர்மானம் ஒன்று. அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தது மற்றொன்று.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அதை நாம் மேடையில் அதிகம் பேசுவதில்லை. பொதுவாழ்வுக்கு வந்த புதிதில் அவர் கையில் எடுத்த பெரிய போராட்டம் வேலைக்கான தேர்வு ஒன்றைப் பற்றியது. இந்தியர்கள் ஆட்சிப் பணிக்கு வர வசதியாக அந்தத் தேர்வை இந்தியாவிலேயே நடத்துங்கள் என்று படித்தவர்கள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தபோது, நடத்தாதீர்கள் என்று மனு அனுப்பியவர் சீனிவாசன். இதைச் சொன்னால் அவரை வெள்ளையருக்கு வால் பிடித்தவர் என்று சொல்லிவிடுவார்களோ என்று நம்மில் சிலருக்கே தயக்கம். தயங்க வேண்டியதில்லை என்பது நம் கருத்து. ஒரு வேலைக்கோ கல்லூரி இடத்துக்கோ ஆள் எடுப்பது எங்கே தொடங்குகிறது என்ற கேள்வியை நம் மண்ணில் முதலில் கூர்மையாகக் கேட்டவர்களில் அவர் ஒருவர். அந்தக் கேள்வி இன்றும் தீரவில்லை.

மணி அடித்த பிறகு வகுப்புக்குள்

சீனிவாசன் பிறந்த ஊர் கோழியாளம். பிறந்த நாள் ஜூலை 7. ஆண்டு 1859 என்று பரவலாகக் குறிக்கப்படுகிறது. அந்தக் காலத்தில் செங்கல்பட்டு ஜில்லாவில் நம் மக்களின் நிலை என்ன என்பதற்கு அரசாங்க ஆவணமே இருக்கிறது. 1891-ல் இங்கே கலெக்டராக இருந்த திரமென்கீர் எழுதிய அறிக்கை அது. நிலம் இல்லை, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் குடிசையைக் காலி செய்யச் சொல்லலாம் என்ற நிலையை அவர் எழுதிவைத்தார். இன்று நாம் பேசும் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை அந்த அறிக்கைதான்.

இந்த நிலையில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போவதே அரிது. போனவர் எப்படிப் படித்தார் என்பதைச் சீனிவாசன் 1939-ல் வெளியிட்ட தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் பதிவு செய்திருக்கிறார். அவர் படித்தது கோயம்புத்தூரில். அங்கே சுமார் 400 மாணவர்கள். பத்துப் பேரைத் தவிர மற்றவர்கள் எல்லாம் பிராமணப் பிள்ளைகள். கூடப் படிப்பவர்களோடு பழகினால் வீடு எங்கே, குடும்பம் எது, சாதி என்ன என்று கேட்பார்கள். தெரிந்துவிட்டால் கீழாக நடத்துவார்கள். அதனால் அவர் யாரோடும் சேரவில்லை. பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவார். வகுப்பு முடிந்ததும் மற்றவர்கள் எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில் வீட்டுக்கு நடந்துவிடுவார்.

தேர்வு என்றால் எல்லோரும் ஒரே கேள்வித்தாளை எழுதுகிறார்கள், அதிக மதிப்பெண் எடுத்தவர் வருகிறார், இதில் அநியாயம் எங்கே என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். சீனிவாசன் பின்னாளில் எடுத்த நிலைக்கு விடை இந்தப் பள்ளி வாசலில் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். உள்ளே போக பயந்து வெளியே நின்ற பையனுக்கும் உள்ளே உட்கார்ந்திருந்த பையனுக்கும் கேள்வித்தாள் ஒன்றுதான். ஆனால் அந்தத் தாள் வருவதற்கு வெகு முன்பே பெரும்பாலான பிள்ளைகளைக் கழித்துக் கட்டியாகிவிட்டது. 400 பேரில் பத்துப் பேர் என்ற கணக்குச் சொல்வது அதைத்தான்.

படிப்புக்குப் பிறகு நீலகிரியில் ஆங்கிலேயர் வணிக நிறுவனங்களில் கணக்கராக வேலை பார்த்தார். 1887-ல் ரங்கநாயகி அம்மையாரை மணந்தார். சீனிவாசனின் சகோதரியை மணந்த அயோத்திதாசப் பண்டிதரும் நீலகிரியில் இருந்தவர்தான். 1890-ல் சீனிவாசன் சென்னைக்கு வந்தார். 1891-ல் பறையர் மகாஜன சபை உருவானது. 1893 அக்டோபரில் 'பறையன்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். மாத இதழாக வந்தது மூன்றே மாதத்தில் வார இதழானது. அந்தப் பெயரை அயோத்திதாசர் ஏற்கவில்லை. எந்தப் பெயரைச் சொல்லி இழிவு செய்கிறார்களோ அந்தப் பெயரோடு நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பது சீனிவாசன் கட்சி. அந்தப் பெயரே இழிவு, அதை ஏன் சுமக்க வேண்டும் என்பது அயோத்திதாசர் கட்சி. இந்த வாதம் இன்றும் நம் வீடுகளில் நடக்கிறது. இரு தரப்பிலும் நியாயம் உண்டு.

லண்டனில் நடந்த தேர்வு

பத்திரிகை தொடங்கிய சில வாரங்களிலேயே சிவில் சர்வீஸ் தேர்வுப் பிரச்சினை வந்தது. இந்தியாவை ஆண்ட கலெக்டர்களையும் ஜில்லா ஜட்ஜுகளையும் கொடுத்தது அந்தத் தேர்வு. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் தங்களுக்கு வேண்டிய பிள்ளைகளுக்குப் பதவி கொடுத்த காலம் முடிந்து, 1855-ல் போட்டித் தேர்வு வந்தது. எழுத்தில் பார்த்தால் யாரும் எழுதலாம், இந்தியரும் எழுதலாம். ஆனால் தேர்வு நடப்பது லண்டனில். கப்பல் செலவு, அங்கே தங்கிப் படிக்கும் செலவு, கடல் தாண்டினால் சாதி போகும் என்ற தடை எல்லாம் வழியில் நின்றன. வயது வரம்பையும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 1878 முதல் 19 வயதுக்குள் எழுத வேண்டும் என்றானது. 1892-ல்தான் அது 23 ஆனது.

பாடங்களுக்கு ஒதுக்கிய மதிப்பெண்ணைப் பார்த்தால் கதை இன்னும் தெளிவாகும். தொடக்கத்தில் ஆங்கில மொழிக்கும் இலக்கிய வரலாற்றுக்கும் சேர்த்து 1,500. கிரேக்கத்துக்கு 750. லத்தீனுக்கு 750. சமஸ்கிருதத்துக்கு 375. அரபிக்கு 375. தமிழுக்கு இடமே இல்லை. எந்த ஊர்ப் பள்ளியில் படித்தவன் வர வேண்டும் என்பதை இந்த மதிப்பெண் பட்டியலே முடிவு செய்துவிட்டது. 1863-ல் சத்யேந்திரநாத் தாகூர் தேறினார். அவரே முதல் இந்தியர். அவருக்குப் பிறகு வந்தவர்களும் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்.

ஆகவே லண்டனில் நடக்கும் அதே நேரத்தில் இந்தியாவிலும் தேர்வு நடத்துங்கள் என்று 1885-ல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மாநாடே கேட்டது. 1893 ஜூன் 2-ம் தேதி இங்கிலாந்துப் பொதுச்சபை இதற்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது. அப்போது அந்தச் சபையில் உறுப்பினராக இருந்த தாதாபாய் நவ்ரோஜி இதற்காகக் கடுமையாக உழைத்தார். இந்தியர் பக்கத்தில் இருந்து பார்த்தால் நியாயமான கோரிக்கை. வெள்ளையர் மட்டுமே உட்காரும் நாற்காலியில் இந்தியரும் உட்கார வேண்டும் என்பதை யார் மறுக்க முடியும்?

சீனிவாசன் வேறொரு கேள்வி கேட்டார். இந்தியர் என்றால் எந்த இந்தியர்?

மனு போன வழி

1893 டிசம்பர் 23-ம் தேதி சென்னையில் வெஸ்லியன் மிஷன் மண்டபத்தில் நம் மக்களின் கூட்டம் கூடியது. தேர்வை இந்தியாவில் நடத்தினால் ஏற்கெனவே பள்ளியும் கல்லூரியும் யார் கையில் இருக்கிறதோ அவர்களே எல்லா இடங்களையும் நிரப்புவார்கள்; கிராமத்தில் மிராசுதாரிடம் படும் துன்பத்தைச் சொல்லக் கலெக்டரிடம் போனால் கலெக்டர் நாற்காலியிலும் அதே மிராசுதாரின் உறவுக்காரர் இருப்பார்; நாங்கள் பிறகு யாரிடம் போவது? கூட்டத்தின் கவலையைச் சுருக்கினால் இவ்வளவுதான். தேர்வை இந்தியாவில் நடத்தக் கூடாது என்று பாராளுமன்றத்துக்கு ஒரு மனு தயாரானது. அதில் 3,412 பேர் கையெழுத்திட்டார்கள். தாளோடு தாள் ஒட்டியதில் மனுவின் நீளம் 112 அடி. ஜெனரல் செஸ்னி என்ற பாராளுமன்ற உறுப்பினர் வழியாக அது லண்டனில் கொடுக்கப்பட்டது.

அந்த எண்ணிக்கையை நாம் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நம் மக்களில் மிகச் சிலரே இருந்த காலம் அது. பள்ளிக்கு வெளியே நின்றவர்கள், குதிரை லாயத்திலும் தோல் கிடங்கிலும் சமையல் கட்டிலும் பாடுபட்டவர்கள், நாட்டை யார் ஆள்வது, அவர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற விஷயத்தில் எங்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு என்று உலகின் பெரிய சாம்ராஜ்ஜியத்தின் பாராளுமன்றத்துக்குச் சொன்னார்கள். அதுவரை அந்த விவாதத்தில் இரண்டே தரப்புகள்தான் இருந்தன. மூன்றாவது தரப்பு ஒன்று இருக்கிறது என்று அந்த மனு காட்டியது.

இதே தேர்வுக் கோரிக்கையை வடக்கே சர் சையத் அகமது கானும் எதிர்த்தார். இரண்டு எதிர்ப்பையும் ஒன்றாகக் கருதிவிடக் கூடாது. சாதாரணக் குடும்பத்துப் பையன் தேர்வில் தேறி அதிகாரியாக வந்தால் உயர் குடும்பத்தவர் அவனுக்குக் கீழ்ப்படிய வேண்டிவருமே என்ற வருத்தம் சையத் அகமது கானின் வாதத்தில் இருந்தது. அது மேலிருந்து வந்த எதிர்ப்பு. சீனிவாசனின் எதிர்ப்பு கீழிருந்து வந்தது. எங்கள் பிள்ளை அந்தத் தேர்வு மண்டபத்துக்குள் வர வழியே இல்லாதபோது அதைத் திறந்த போட்டி என்று சொல்லாதீர்கள் என்பதே அதன் பொருள்.

1894-ல் இந்தியா மந்திரி அந்தத் தேர்வுக் கோரிக்கையை நிராகரித்தார். நம் மனுவால்தான் அது நின்றது என்று நாம் பெருமை பேச முடியாது. வெள்ளை அதிகாரிகளுக்குத் தங்கள் பதவி மேல் இருந்த ஆசை அதில் பெரிய பங்கு வகித்தது. மாகாண அரசுகளைக் கேட்டபோது சென்னை அரசாங்கம் ஒன்றுதான் ஆதரவாக எழுதியது, மற்றவை எதிர்த்தன. மூன்று ஆயிரம் பேர் கையெழுத்துப் போட்டு வேண்டாம் என்று சொன்னதும் இதே சென்னை மாகாணத்தில் இருந்துதான்.

பயம் பொய்யா?

சீனிவாசனின் நிலையில் ஒரு பலவீனம் இருந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். லண்டன் தேர்வு நம் பிள்ளைகளுக்குத் திறந்திருந்ததா? இல்லை. அதற்கு இன்னும் தடித்த பூட்டு. அங்கிருந்து வரும் வெள்ளை அதிகாரி நியாயமாக நடப்பார் என்பது அவர் வைத்த நம்பிக்கை. திரமென்கீர் போன்றவர்கள் அந்த நம்பிக்கைக்குக் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் எல்லாக் கலெக்டரும் திரமென்கீர் இல்லை. மிராசுதாரோடு சமரசம் செய்துகொண்டு வரி வசூலித்தவர்களே அதிகம்.

ஆனால் உள்ளூர்ப் போட்டித் தேர்வு பற்றி அவர் பட்ட பயம் பொய்யாகவில்லை. சென்னை அரசாங்கத்தின் மூத்த அதிகாரி அலெக்சாண்டர் கார்டியூ 1913-ல் அரசுப் பணிகள் பற்றிய ராயல் கமிஷன் முன் சாட்சி சொன்னார். 1892 முதல் 1904 வரை மாகாண சிவில் பணிக்கு நடந்த போட்டித் தேர்வில் தேறியவர்கள் 16 பேர், அவர்களில் 15 பேர் பிராமணர்கள். டெபுடி கலெக்டர்களில் 55 விழுக்காடும் ஜில்லா முன்சீப்புகளில் 72 விழுக்காட்டுக்கு மேலும் அவர்களே. மாகாண மக்கள்தொகையில் அவர்கள் சுமார் 3 விழுக்காடு. பிராமணரல்லாத இந்து சாதிகளே இந்தக் கணக்கைப் பார்த்துக் கொதித்தன. 1916-ல் வெளியான பிராமணரல்லாதார் அறிக்கை இந்தப் புள்ளிவிவரங்களை எடுத்து வைத்தது. நீதிக்கட்சி பிறந்தது. அந்தக் கணக்கில் மற்ற சாதிகளுக்குக் கொஞ்சமாவது இடம் இருந்தது. நம் மக்களுக்கு எண்ணிச் சொல்லவே எதுவும் இல்லை.

இவ்வளவும் நடந்தபோது சீனிவாசன் இங்கே இல்லை. 'பறையன்' பத்திரிகை 1900-த்தோடு நின்றது. அதன் பின் லண்டன் போய் நேரில் முறையிடும் எண்ணத்தோடு கப்பல் ஏறியவர், தென் ஆப்பிரிக்காவில் தங்க நேர்ந்தது. அங்கே நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். அங்கிருந்த காந்திக்குத் தமிழில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவர் அவர். 1921-ல் ஊர் திரும்பினார்.

பன்னிரண்டில் ஒன்று

திரும்பி வந்தபோது காட்சி மாறியிருந்தது. மாண்டேகு செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தால் சட்டசபைக்குத் தேர்தல் வந்து, நீதிக்கட்சி மந்திரிசபை நடத்திக்கொண்டிருந்தது. 1922-ல் சிவில் சர்வீஸ் தேர்வு இந்தியாவிலும் நடக்கத் தொடங்கியது. எதை நிறுத்தச் சொல்லி அவர் மனு அனுப்பினாரோ அது வந்துவிட்டது. அவர் அதை எதிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. தேர்வு வருவதைத் தடுக்க முடியாது, ஆள் எடுக்கும் விதியை மாற்ற வேண்டும் என்பதே அடுத்த கட்டமானது.

1923-ல் அவர் சட்டசபைக்கு நியமன உறுப்பினராக வந்தார். எம்.சி. ராஜா அதற்கு முன்பே அங்கே இருந்தார். அரசு வேலையில் எல்லா வகுப்பாருக்கும் இடம் என்ற வகுப்புவாரி உத்தரவை நீதிக்கட்சி அரசு 1921-லும் 1922-லும் போட்டது. ஆனால் அதன் பலன் நம் மக்களுக்கு வந்து சேரவில்லை என்று ராஜா குற்றம் சாட்டி, 1923-ல் அந்தக் கட்சியில் இருந்தே வெளியேறினார். பிராமணரல்லாதார் என்ற ஒரே கூடையில் எல்லோரையும் போட்டால் கூடையின் மேலே இருப்பவர்களே எடுக்கப்படுவார்கள் என்பது அப்போது தெளிவாகத் தெரிந்தது. 1893-ல் சீனிவாசன் கேட்ட எந்த இந்தியர் என்ற கேள்வி இப்போது எந்தப் பிராமணரல்லாதார் என்று மாறி நின்றது.

1927 நவம்பரில் வந்த உத்தரவு கணக்கைத் துல்லியமாக்கியது. பன்னிரண்டு இடங்கள் என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறிஸ்தவர்களுக்கு 2, ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு 1. நம் மக்கள்தொகைக்கு அது குறைவு. ஆனாலும் நமக்கென்று தனியாக எழுதப்பட்ட முதல் எண் அது. வேறு யாரும் எடுத்துக்கொள்ள முடியாத ஓர் இடம். 1929-ல் சென்னை மாகாணத்தில் தேர்வாணையம் அமைந்தது. இந்தியாவில் ஒரு மாகாணம் அப்படி அமைத்தது அதுவே முதல் முறை. இன்றைய டி.என்.பி.எஸ்.சி.யின் மூதாதை அது.

இதே காலத்தில் கிராமத்தில் என்ன நடந்தது? மணியக்காரர், கர்ணம் பதவிகள் பரம்பரையாகப் போய்க்கொண்டிருந்தன. தேர்வும் இல்லை, விண்ணப்பமும் இல்லை. அப்பனுக்குப் பிறகு மகன். நிலக் கணக்கும் வரிக் கணக்கும் அவர்கள் கையில். பஞ்சமி நிலம் கைமாறிப் போன கதைகளில் இந்தப் பரம்பரைக் கணக்குப் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. அந்த முறை 1980-ல்தான் ஒழிந்தது. அதன் பிறகே கிராம நிர்வாக அலுவலர் வேலைக்குத் தேர்வாணையம் வழியாக, இடஒதுக்கீட்டோடு ஆள் எடுக்கிறார்கள். இன்று நம் ஊர்களில் நம் பெண்கள் கிராம நிர்வாக அலுவலராக உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால், பிறப்பால் ஆள் எடுத்த முறை போய்த் தேர்வும் ஒதுக்கீடும் சேர்ந்த முறை வந்ததே காரணம்.

வட்டமேசையில் வைத்த நிபந்தனை

1930 நவம்பரில் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு கூடியது. ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகள் இருவர். ஒருவர் அம்பேத்கர், மற்றவர் சீனிவாசன். அம்பேத்கருக்கு அப்போது வயது 39. சீனிவாசன் எழுபதைத் தாண்டியவர். இருவரும் கையெழுத்திட்டுக் கொடுத்த கோரிக்கை மனுவில் சம குடியுரிமை, பாகுபாட்டில் இருந்து பாதுகாப்பு, சட்டசபையில் பிரதிநிதித்துவம் எல்லாம் இருந்தன. தனித் தொகுதி பற்றி மட்டுமே நாம் அதிகம் பேசுகிறோம். அதே மனுவில் அரசுப் பணி பற்றியும் ஒரு நிபந்தனை உண்டு.

அதன் சாரம் இது. மத்தியிலும் மாகாணங்களிலும் பொதுப் பணித் தேர்வாணையம் வேண்டும். ஆள் எடுப்பது அதன் பொறுப்பு. எல்லாச் சமூகங்களுக்கும் உரிய பங்கு கிடைக்கும்படி ஆள் எடுப்பது அதன் கடமைகளில் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பணியில் எந்தச் சமூகத்தார் எவ்வளவு பேர் ஏற்கெனவே இருக்கிறார்கள் என்று பார்த்து, அதற்கேற்ப முன்னுரிமையை ஒழுங்கு செய்ய வேண்டும்.

1893-க்கும் 1930-க்கும் இடையே சீனிவாசன் நடந்து வந்த தூரம் இதில் தெரிகிறது. அன்று தேர்வே வேண்டாம் என்றார். காரணம், அந்தத் தேர்வில் நம்மைச் சேர்த்துக்கொள்ளும் விதி எதுவும் இல்லை. இப்போது ஆணையம் வேண்டும், விதியும் வேண்டும் என்கிறார். நோக்கம் மாறவில்லை. அதை அடையும் வழி கிடைத்துவிட்டது. அதிகாரியின் நல்ல மனதை நம்பியிருந்த கோரிக்கை, எழுதி வைத்த விதியை நம்பும் கோரிக்கையானது. இன்று நாம் இனச்சுழற்சி என்று சொல்லும் முறையின் அடிப்படை எண்ணம் அந்த நிபந்தனையில் இருக்கிறது.

1932 செப்டம்பர் 24-ல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் சீனிவாசனும் கையெழுத்திட்டார். தனித் தொகுதி போனது, ஒதுக்கப்பட்ட தொகுதிகள் வந்தன. அரசு வேலை பற்றியும் அந்த ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு உண்டு. ஒடுக்கப்பட்ட வகுப்பார் என்ற காரணத்துக்காக யாருக்கும் வேலை மறுக்கக் கூடாது, அவர்களுக்கு நியாயமான பங்கு கிடைக்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்பது அந்தப் பிரிவு. ஆனால் வேலைக்கு வகுக்கப்படும் கல்வித் தகுதிக்கு உட்பட்டு என்றும் அதில் இருக்கிறது. அடுத்த பிரிவு, ஒவ்வொரு மாகாணத்திலும் கல்விக்கு ஒதுக்கும் பணத்தில் போதுமான தொகையை நம் பிள்ளைகளின் படிப்புக்குத் தனியே வைக்க வேண்டும் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பொருள் வரும். தகுதி கேட்கிறாயா, கேள். ஆனால் அந்தத் தகுதியைப் பெறும் பள்ளிக்கூடத்தையும் கொடு. பின்னாளில் முதல் பாதியை மட்டும் நினைவு வைத்துக்கொண்டவர்கள் பலர்.

ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று பட்டங்கள் அவருக்கு வந்தன. 1943-ல் வைசிராய் நிர்வாக சபையில் உறுப்பினராக இருந்த அம்பேத்கரின் முயற்சியால் மத்திய அரசு வேலைகளில் பட்டியல் வகுப்பாருக்கு எட்டே மூன்றில் ஒரு விழுக்காடு ஒதுக்கப்பட்டது. அதைப் பார்க்கச் சீனிவாசன் இருந்தார். 1945 செப்டம்பர் 18-ல் மறைந்தார். மறு ஆண்டு அந்த ஒதுக்கீடு பன்னிரண்டரை விழுக்காடானது. அதையும், அதன் பின் வந்த அரசியல் சட்டத்தின் 16-வது பிரிவையும் அவர் பார்க்கவில்லை.

இன்று அந்தக் கேள்வி நிற்கும் இடம்

இன்று தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு. அதற்குள் அருந்ததியருக்கு 2009 முதல் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு. பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. மத்திய அரசில் பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு ஏழரை. பன்னிரண்டில் ஒன்று என்று தொடங்கிய கணக்கு இங்கே வந்து நிற்கிறது. இது பெரிய வெற்றி. அதோடு முடிந்துவிட்டதா?

மருத்துவப் படிப்புக்கு ஒரே கேள்வித்தாள் வந்தபோது அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று பார்த்தோம். இடஒதுக்கீடு அப்படியே இருந்தது. ஆனால் அந்த ஒதுக்கீட்டுக்கு உள்ளேயே, பணம் கட்டிப் பயிற்சி மையத்தில் படித்த பிள்ளைக்கும் ஊர்ப் பள்ளியில் படித்த பிள்ளைக்கும் போட்டியானது. 2020-ல் தமிழ்நாடு அரசு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் ஏழரை விழுக்காடு தனியே ஒதுக்கிச் சட்டம் செய்ததன் காரணம் இதுதான். தாள் வருவதற்கு முன்பே யார் கழிக்கப்பட்டார்கள் என்று பார்க்கும் சட்டம் அது. சீனிவாசனின் கேள்விக்கு வந்த பதில்களில் அதுவும் ஒன்று என்றே நாம் எடுத்துக்கொள்கிறோம்.

மறுபுறம், ஆள் எடுக்கும் விதியே இல்லாத வேலைகள் பெருகுகின்றன. ஒப்பந்த வேலை, தினக்கூலி, வெளி நிறுவனம் வழியாக எடுக்கும் வேலை. அலுவலகம் அதேதான், மேசையும் அதேதான், ஆனால் அந்த மேசைக்கு இனச்சுழற்சி கிடையாது. யாருக்கு யாரைத் தெரியும் என்பதே தகுதி. கம்பெனி இயக்குநர் தன் உறவுக்காரப் பையனுக்குப் பதவி கொடுத்த காலத்துக்கே இது திரும்பிப் போகிறது. துப்புரவு வேலைக்கு மட்டும் யாரும் சிபாரிசோடு வருவதில்லை. அங்கே ஒதுக்கீடு இல்லாமலேயே நம் மக்கள்தான் நிற்கிறார்கள்.

எனவே நினைவு நாளில் மாலையோடு சேர்த்து நம் இளைஞர்கள் செய்ய வேண்டிய சில வேலைகளைச் சொல்கிறோம். தேர்வு முடிவு வந்ததும் நம் பிரிவின் கட்-ஆப் மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். பொதுப்பிரிவுப் பட்டியலையும் பாருங்கள். பொதுப்பிரிவு என்பது எல்லோருக்குமான போட்டி. அந்த மதிப்பெண்ணை நம் பிள்ளை எடுத்திருந்தால் அவர் பெயர் அந்தப் பட்டியலில் வர வேண்டும், அவரை நம் ஒதுக்கீட்டுக் கணக்கில் எழுதக் கூடாது. எழுதினால் நம் இன்னொரு பிள்ளையின் இடம் போகிறது.

தகுதியானவர் கிடைக்கவில்லை என்று நம் இடங்களைக் காலியாக வைத்தால், அவை பின்னடைவுப் பணியிடங்களாகக் கணக்கில் இருக்க வேண்டும். எத்தனை இடம், எந்த ஆண்டு முதல் காலி, இனச்சுழற்சிப் பதிவேட்டில் எந்தச் சுழற்சி யாருக்குப் போனது என்று 2005-ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் எவரும் கேட்கலாம். கட்டணம் பத்து ரூபாய். சாதிச் சான்றிதழைத் தேர்வு அறிவிப்பு வந்த பிறகு தேடாதீர்கள், பத்தாம் வகுப்பு முடிக்கும் முன்பே வாங்கி வையுங்கள்.

3,412 பேர் கையெழுத்திட்ட மனுவுக்கு லண்டனில் யார் பதில் சொன்னார்கள் என்பது முக்கியமில்லை. கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர்கூட அந்தத் தேர்வை எழுதும் நிலையில் இல்லை. ஆனாலும் அது தங்கள் விவகாரம் என்று அவர்கள் நினைத்தார்கள். நம் வீட்டில் இந்த ஆண்டு தேர்வு எழுதும் பிள்ளை இல்லாவிட்டாலும், நம் ஊர் அலுவலகத்தில் யாரை எந்த விதியில் எடுத்தார்கள் என்று கேட்பது நம் வேலைதான்.